பாட்டுக்கொரு பெடல்: ஒரு கடைக் கணக்கு

நெய்வேலிப் பக்கத்து மந்தாரக்குப்பத்தில் டிரம்ஸ் கற்றுக்கொள்ளத் தொடங்கும் பையன் சீக்கிரத்திலேயே யாரிடமாவது போய்க் கேட்பான்: "அண்ணே, பேஸ் டிரம்முக்கு எந்த பெடல் வாங்கலாம்?" பதில் தயாராக இருக்கும். ராக் வாசிப்பதானால் டபுள் செயின். ஜாஸ் என்றால் ஸ்ட்ராப் பெடல், ஸ்பிரிங்கைத் தளர்த்தி வை. மெட்டல் என்றால் டைரக்ட் டிரைவ், ஸ்பிரிங்கை முறுக்கி வை. சர்ச்சில் மட்டும்தான் வாசிக்கப் போகிறாய் என்றால் ஏதோ ஒரு சாதா பெடல் போதும். எல்லாமே வாசிக்கணுமா, தம்பி, காசு பார்க்காதே. எல்லாத் திருகும் உள்ள அட்ஜஸ்டபிள் பெடலாக ஒன்று வாங்கிப் போடு, பாட்டுக்குத் தக்கபடி திருகிக்கொள்ளலாம்.

சென்னைக் கடையில் கேட்டாலும் இதுதான், பாண்டிச்சேரி மாஸ்டரைக் கேட்டாலும் இதுதான். ஆர்கெஸ்ட்ராவில் காலமெல்லாம் வாசித்துத் தேய்ந்தவரும் இதையேதான் ஒப்பிக்கிறார். கேட்கத் தெளிவாக இருக்கிறது, வாய்ப்பாடு மாதிரி மனதில் ஒட்டிக்கொள்கிறது. ஆனாலும் தப்பு. ஓரத்தில் கொஞ்சம் திருத்தினால் சரியாகிவிடும் தப்பும் இல்லை, அஸ்திவாரமே தப்பு. பெடலில் உள்ள திருகுகளைப் பாட்டின் வகைக்காக யாரும் வைக்கவில்லை. வாசிக்கிறவன் காலுக்கும், அவன் உட்காரும் உயரத்துக்கும், எதிரே நிற்கிற டிரம்முக்கும் பெடலைப் பொருத்திக்கொள்ளத்தான் அவை இருக்கின்றன. ஒருமுறை பொருத்திவிட்டால் மெலடிக்கும் அதே நிலைதான், குத்துக்கும் அதே நிலைதான். ஸ்டைலைக் கால் பார்த்துக்கொள்ளும்.

சந்தேகம் இருந்தால் ஆடி மாதம் கங்கைகொண்டான் பேரூராட்சிப் பக்கம் ஏதாவது ஒரு அம்மன் கோயில் தெருவில் போய் நில்லுங்கள். கூழ் ஊற்றிய அன்றைக்கு ராத்திரி மேடை போட்டிருப்பார்கள். பிள்ளையார் பாட்டோடு கச்சேரி தொடங்கும். அப்புறம் அம்மன் பாட்டு இரண்டு. எம்.எஸ்.வி. காலத்து டூயட் ஒன்று. இளையராஜாவின் ஆறெட்டு நடையில் ஒரு கிராமத்துப் பாட்டு, அது முடிந்த கையோடு எண்பதுகளின் டிஸ்கோ. நடுவில் விழாக் குழுத் தலைவர் சீட்டு அனுப்பிக் கேட்ட சோகப் பாட்டு. கூட்டம் சூடேறிய பிறகு கானா, அதன்பின் போலீஸ் வந்து நிறுத்தச் சொல்கிற வரைக்கும் குத்து. அந்த வாய்ப்பாட்டின்படி பார்த்தால் இந்த ஒரு ராத்திரிக்கு நாலு பெடல் வேண்டும், அல்லது ஒரே பெடலைப் பத்துத் தடவை திருக வேண்டும்.

யார் திருகுகிறார்கள்? ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டுக்கு நடுவே அறிவிப்பாளர் நன்கொடை கொடுத்தவர் பெயரைப் படிக்கிற நேரம்தான் இருக்கிறது. அதற்குள் டிரம்மர் வேர்வையைத் துடைக்கணும், கீபோர்டுக்காரர் விரலால் காட்டுகிற தாளத்தைப் பார்த்துக்கொள்ளணும், கழன்று நிற்கிற சிம்பலை முடுக்கணும். ஸ்பிரிங்கை மாற்றவேண்டுமானால் பேஸ் டிரம்முக்கும் ஃப்ளோர் டாமுக்கும் இடையில் தலையை விட்டுக் குனிந்து, இருட்டில் லாக் நட்டைத் தடவிக் கண்டுபிடித்து, தளர்த்தி, திருகி, மறுபடி இறுக்கணும். இத்தனை வருஷமாக மேடை ஓரத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், ஒரு ஆள் அதைச் செய்து பார்த்ததில்லை. ஒரே நிலையில் வைத்த பெடலில்தான் பிள்ளையார் பாட்டும் போனது, குத்தும் போனது. கேட்டவர்கள் ஆடத்தான் செய்தார்கள்.

இனி திருகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம். ஸ்பிரிங்கிலிருந்து தொடங்குகிறேன், மூடநம்பிக்கை அங்கேதான் அதிகம்.

"ஸ்பீடு வேணுமா, ஸ்பிரிங்கை டைட் பண்ணு" என்பார்கள். ஸ்பிரிங் அடியைக் கொடுப்பதில்லை. டிரம்மை அடித்த பீட்டரை, அதாவது தண்டின் முனையில் இருக்கும் சுத்தியலை, திரும்ப இழுப்பதுதான் அதன் வேலை. இறுக்க இறுக்கப் பீட்டர் சீக்கிரம் திரும்பும், அது உண்மை. ஆனால் அடுத்த அடிக்கு அமுக்கும்போது அதே ஸ்பிரிங்கை எதிர்த்துத்தான் கால் இறங்கணும். இந்தப் பக்கத்துச் செலவை யாரும் சொல்வதில்லை. காலை ஷிப்டில் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு ராத்திரி மேடையேறுகிற ஒப்பந்தத் தொழிலாளியின் கெண்டைக்காலைக் கேட்டால் அது சொல்லும். ஒன்பது மணிக்கு வேகமாகத் தெரிந்த பெடல் பதினொரு மணிக்குக் கல்லாகக் கனக்கும். கூட்டம் குத்து கேட்பதும் அந்த நேரத்தில்தான்.

அப்படியானால் ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம் இருக்கணும்? குதிகாலைத் தூக்கி வாசிக்கிறவனின் முன்பாதம் எந்நேரமும் பெடலின் மிதிபலகை மேல் கிடக்கிறது. அந்தப் பாரத்தை ஸ்பிரிங் தாங்கிப் பிடிக்கணும். தளர்வாக விட்டால் சும்மா காலை வைத்தாலே பீட்டர் போய் ஸ்கின்னில் சாய்ந்துவிடும், ஒவ்வொரு அடிக்கும் முன்னால் காலைத் தூக்கிப் பீட்டருக்கு வழிவிட வேண்டியிருக்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் தொடையின் பலத்தையெல்லாம் ஸ்பிரிங்கே தின்றுவிடும். காலை ஓய்வாக வைத்தால் பீட்டர் ஸ்கின்னைத் தொடாமல் நிற்கணும், அடிக்க நினைத்தவுடன் போகணும். அந்த இடத்தைத் தேடிப் பிடித்தால் முடிந்தது. அது வாசிப்பவனின் காலைப் பொறுத்த அளவு. எண்பது கிலோ ஆளுக்கு ஓர் இடத்தில் வரும், ஐம்பது கிலோ பையனுக்கு வேறொரு இடத்தில் வரும். ஒரே பையனுக்கு அம்மன் பாட்டில் ஓர் இடத்திலும் கானாவில் ஓர் இடத்திலும் வருவதற்கு, நடுவில் அவன் காலின் எடை மாறினால்தான் உண்டு.

அடுத்தது பீட்டர். அது எவ்வளவு தூரம் பின்னால் சாய்ந்து நிற்கிறது என்பது ஒன்று, தண்டு எவ்வளவு உயரம் என்பது இன்னொன்று. தூரம் கூடினால் சத்தம் கூடும், அடிக்கு நேரமும் கூடும். இதில் விவாதம் இல்லை. உயரத்தைத்தான் யாரும் கவனிப்பதில்லை. தண்டை எவ்வளவு மேலே ஏற்றுகிறோமோ, பீட்டரைச் சுழற்றத் தேவையான உழைப்பு அந்த நீளத்தின் வர்க்கமாகக் கூடும். சுழலும் அச்சிலிருந்து பீட்டர் தலை 18 சென்டிமீட்டரில் இருந்ததை 20 ஆக்கினால், இரண்டே சென்டிமீட்டர்தான், அதைச் சுழற்றுகிற பளு கிட்டத்தட்ட கால் பங்கு ஏறிவிடுகிறது. "புது பெடல் கனமா இருக்கு அண்ணே" என்று புலம்புகிற பையன்களில் பாதிப் பேருக்குத் தண்டைக் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தாலே போதும். எங்கே நிறுத்துவது? எதிரே 22 அங்குல டிரம் என்றால் அதன் நடு மையத்தில், அல்லது ஒரு விரல் மேலே பீட்டர் படவேண்டும். 18 அங்குல டிரம் என்றால் இறக்கணும். இதையும் டிரம்தான் முடிவு செய்கிறது. பாட்டுக்கு இதில் பேச்சே இல்லை.

கேம் விஷயத்துக்கு இவ்வளவு கூட இடம் தேவையில்லை. கேம் என்பது செயின் ஓடுகிற சக்கரம். அது முழு வட்டமாக இருந்தால் காலின் வேகம் அப்படியே பீட்டருக்குப் போகும். வட்டம் ஒரு பக்கம் தள்ளியிருந்தால் கடைசி நேரத்தில் பீட்டர் ஒரு எத்து எத்தும். டாமா கம்பெனி தன் அயர்ன் கோப்ராவை இரண்டு வகையாக விற்கிறது: ரோலிங் கிளைடு வட்டம், பவர் கிளைடு தள்ளிய வட்டம். டிரம் வொர்க்‌ஷாப்பின் 5000 வரிசையில் அதே இரண்டும் டர்போ, ஆக்சிலரேட்டர் என்ற பெயரில் வருகின்றன. பெயரைப் பார்த்தால் பைக் ஷோரூமுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். இரண்டிலும் காலை வைத்துப் பார்த்தால் எது தனக்கு ஒத்துவருகிறது என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். அதன்பிறகு அது பழக்கம். டபுள் செயின், சிங்கிள் செயின் வேறுபாடும் இப்படித்தான். இரட்டைச் செயின் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும், அவ்வளவே. அதற்கும் ராக்குக்கும் உறவு எதுவுமில்லை.

எதிர்த்தரப்பின் பலமான வாதத்தைச் சொல்லாமல் போனால் நியாயமாகாது. "பெடல் பிறந்ததே ஒரு ஸ்டைலுக்காகத்தானே" என்பார்கள். சரிதான். சிகாகோவில் ரேக்டைம் வாசித்துக்கொண்டிருந்த வில்லியம் லுட்விக்குக்கு அன்றைய பெடல்கள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. அதனால்தான் அவர் தாமே ஒன்றைச் செய்தார், 1909இல் தம்பி தியோபால்டோடு சேர்ந்து கம்பெனியும் தொடங்கினார். ஒரு புது இசையின் வேகம் ஒரு கருவியையே உண்டாக்கியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஆனால் சாட்சியை அதோடு நிறுத்தக்கூடாது, அடுத்து நடந்ததையும் சொல்லவேண்டும். அதே லுட்விக் 1937இல் ஸ்பீடு கிங் என்ற பெடலைக் கொண்டுவந்தது. ஸ்பிரிங் இரண்டும் பக்கத் தூண்களுக்குள்ளே ஒளிந்திருக்கும், அடியில் ஸ்குரூ டிரைவரை விட்டுத்தான் திருகணும். இன்றைய பெடல்களோடு ஒப்பிட்டால் அதில் மாற்றிக்கொள்ள இருந்தது கொஞ்சம்தான். பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டார் அதில்தான் வாசித்தார். லெட் செப்பலினின் ஜான் போனமும் அதில்தான் வாசித்தார். இரண்டு பேர் வாசிப்பையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், ஒரே நாட்டுக்காரர்கள் என்றுகூடச் சொல்லமுடியாது. 1969இல் வந்த லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டிலேயே போனம் ஒற்றைக் காலால் போட்ட ட்ரிப்லெட்டுகளைக் கேட்டவர்கள் இரண்டு பேஸ் டிரம் வைத்திருக்கிறார் என்றே நினைத்தார்கள். முப்பது வருஷத்துக்கு முந்தைய வடிவம், திருகிக்கொள்ள அதிகம் இல்லாத விலைப்பட்டியல் சாமான் என்று யாரும் அவரிடம் போய்ச் சொல்லவில்லை போலும். பெடல் ஒன்றே, கால் வேறு, இசை வேறு. லுட்விக்கின் ரேக்டைம் காலத்தில் பெடலின் தகுதி இசைக்குக் கீழே இருந்தது. ஸ்பீடு கிங் வந்தபோதே அது பெரும்பாலான இசைக்கு மேலே போய்விட்டது.

வேகத்தைக் கணக்காகவே போட்டுவிடலாம். நிமிடத்துக்கு 130 தாளம் ஓடுகிற ஒரு குத்துப் பாட்டில் தாளத்துக்கு ஒரு கிக் என்றால், ஒரு விநாடிக்கு இரண்டு அடிக்குக் கொஞ்சம் மேல். இடையில் இரட்டை போட்டால் அந்த நேரத்துக்கு மட்டும் நாலு, நாலரை. இது அந்தக் காலத்து ஸ்பீடு கிங்கும் தூக்கத்தில் செய்கிற வேலை. அதுவே 200 தாளத்தில் பதினாறாம் பங்கு சுரங்களை இரண்டு காலாலும் ஓட்டுகிற எக்ஸ்ட்ரீம் மெட்டலில் விநாடிக்குப் பதிமூன்று அடி, ஒரு காலுக்கு ஆறேழு. அங்கே செயினின் சின்னத் தளர்வுகூடத் தெரியும், செயினுக்குப் பதில் நேர்க் கம்பியால் இணைக்கிற டைரக்ட் டிரைவின் இறுக்கமான பிடி அங்கே உதவும். அந்த ஓர் ஓரத்தை நான் வாதாடாமல் கொடுத்துவிடுகிறேன். அந்த வகை வாசிப்பவன் டபுள் பெடலும் டைரக்ட் டிரைவும் வாங்கட்டும். ஆனால் அந்த ஓரத்துக்கு எழுதின சட்டத்தைக் கொண்டுவந்து மந்தாரக்குப்பம் மேடைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் பொருத்தினால் எப்படி?

"அப்போ மெலடி கிக்கும் குத்து கிக்கும் ஒரே மாதிரியா கேட்குது?" என்று கேட்கலாம். இல்லைதான். வித்தியாசம் வரும் இடம் வேறு. அடித்த பீட்டரை ஸ்கின் மேலேயே அழுத்தி வைத்தால் சத்தம் 'டொக்' என்று செத்துவிடும். அடித்த கணமே காலைத் தளர்த்தினால் 'தூம்' என்று டிரம் மூச்சுவிடும். குத்துக்கு முதலாவது, மெதுவான பாட்டுக்கு இரண்டாவது. ஒரே பாட்டில் பல்லவிக்கு ஒன்றும் சரணத்துக்கு ஒன்றுமாக வாசிக்கிறவர்களும் உண்டு. இதற்குப் பெடலில் திருகு கிடையாது. மீதி வித்தியாசம் டிரம்முக்குள் திணித்த தலையணையிலும், ஸ்கின்னை எவ்வளவு முறுக்கியிருக்கிறோம் என்பதிலும், பீட்டரின் முகத்திலும் இருக்கிறது. கம்பளி முகம் என்றால் உருண்டையான சத்தம், பிளாஸ்டிக் அல்லது மரம் என்றால் முன்னால் ஒரு 'டிக்' சேர்ந்துகொள்ளும். இரண்டு முகமும் உள்ள பீட்டரைத் திருப்பிப் போடலாம். அறிவிப்பாளர் இரண்டு பெயர் படிப்பதற்குள் முடிந்துவிடும். பாட்டுக்குப் பாட்டு மாற்றுவதற்கு உகந்தது என்று நான் ஒப்புக்கொள்கிற ஒரே சங்கதி அதுதான். அதற்கு விலை கூடின பெடல் தேவையில்லை, பீட்டரை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

தமிழ்ச் சினிமா இசையே இதற்குச் சாட்சி. இளையராஜாவின் குழுவில் பல ஆண்டுகள் டிரம்ஸ் வாசித்து, இசைக்குழுவையும் நடத்திய புருஷோத்தமனின் ஆசனத்துக்கு முன்னால் டிஸ்கோவும் வந்தது, தெம்மாங்கும் வந்தது, ஜாஸ் வாடையுள்ள பாட்டும் வந்தது. சிவமணி சூட்கேஸையும் தண்ணீர் கேனையும்கூடத் தட்டி இசையாக்கியவர். இவர்களைப் பார்த்து வளர்ந்த ஊரில், எந்த இசைக்கு எந்த பெடல் என்று அட்டவணை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

நம் ஊர் டிரம்மர் பெடலை எதோடெல்லாம் பொருத்தவேண்டியிருக்கிறது என்று அந்த வாய்ப்பாடு ஒருமுறையாவது யோசித்ததா? முதலில் நாற்காலி. உயரம் மாற்றக்கூடிய டிரம் ஸ்டூல் மேடையில் கிடைப்பது அபூர்வம். பந்தல்காரர் இறக்கிய பிளாஸ்டிக் நாற்காலிதான், அதுவும் கைப்பிடி வைத்தது. அதில் உட்கார்ந்தால் குட்டையான பையனுக்குத் தொடை மேல்நோக்கி ஏறும், நெட்டையானவனுக்கு முட்டி டிரம்மை இடிக்கும். அந்தக் கோணத்தைச் சரிக்கட்டப் பலகையின் சாய்வு மாறவேண்டும். மலிவான பெடல்களில் பலகைச் சாய்வும் பீட்டர் சாய்வும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கும், ஒன்றைத் தொட்டால் மற்றது கெடும். இரண்டும் தனித்தனியாக மாறுகிற பெடலுக்குக் கூடுதல் காசு கொடுப்பது நியாயம். நான் காசு கொடுக்கச் சொல்கிற இடம் இது.

அடுத்தது செருப்பு. கடைகளில் சொல்லித் தருகிற நிலையெல்லாம் ஷூ போட்ட காலுக்கு. கோயில் மேடையில் செருப்பைக் கீழே விட்டுவிட்டுத்தான் ஏறுவோம். வெறுங்காலுக்கு ஷூவின் எடை இல்லை, ஸ்பிரிங் தாங்கவேண்டிய பாரமும் குறைவு, ஆகவே ஒரு சுற்றுத் தளர்வாகவே வரும். பலகை மேல் வரிவரியாகப் புடைத்திருக்கும் பிராண்டு எழுத்து, வேர்த்த உள்ளங்காலில் இரண்டு மணி நேரம் உரசினால் என்ன ஆகும் என்று வாங்குவதற்கு முன்னால் ஒருமுறை கையால் தடவிப் பார்க்கணும். வழுவழுப்பாக இருந்தால் நமக்கு நல்லது. ஷூக்காரனுக்கு அது வழுக்கும். ஒரே பலகை, ஒரே பாட்டு, தீர்ப்பு மட்டும் நேர் எதிர்.

அப்புறம் மேடை. பலகை அடுக்கி மேலே ஒரு கார்ப்பெட் விரித்திருப்பார்கள். நாலாவது பாட்டில் பேஸ் டிரம் மெல்ல முன்னால் நகரத் தொடங்கும், டிரம்மர் நாற்காலியோடு அதைத் துரத்துவார். செங்கல் முட்டுக்கொடுப்பார்கள், கயிற்றால் டிரம்மின் வளையத்தையும் நாற்காலிக் காலையும் சேர்த்துக் கட்டுவார்கள். அடித்தட்டு அகலமாக இருந்து, கீழே முள்ளாணியும் ஒட்டுப் பட்டையும் உள்ள பெடல் இங்கே பாதி யுத்தத்தை ஜெயித்துக் கொடுக்கும். வளையத்தைப் பிடிக்கிற கிளாம்பும் முக்கியம். ஆர்கெஸ்ட்ராவின் டிரம் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு இன்னொன்று. ஒன்றில் மர வளையம் தடிமனாக இருக்கும், மற்றொன்றில் மெல்லிய இரும்பு. இரண்டையும் கவ்வுகிற கிளாம்பு, குனியாமல் பக்கத்திலிருந்தே முடுக்கும்படி இருந்தால் அந்த ஒரு வசதி பத்து விளம்பர வார்த்தைக்குச் சமம்.

டிரம்மே இல்லாத மேடைகளும் உண்டு. ரோலண்ட் 1985இல் கொண்டுவந்த எலக்ட்ரானிக் டிரம் பேடான ஆக்டபேட் நம் ஆர்கெஸ்ட்ராக்களில் எப்படிப் புகுந்தது என்று சொல்லத் தேவையில்லை. இன்று பல குழுக்களில் பேடுதான் டிரம்ஸ், கீழே ஒரு கிக் டிரிகர். அந்த ரப்பர் முகம் பீட்டரைத் திருப்பி எறிகிற விதம் ஸ்கின்னைப் போல இருக்காது. அதில் ஸ்பிரிங்கை முறுக்கி வைத்தால் ஒரு அடிக்கு இரண்டு சத்தம் வந்து மானத்தை வாங்கும். அங்கும் பெடல் நிலையைத் தீர்மானிப்பது எதிரே உள்ள பொருள்தான். பேடிலிருந்து வருகிற கிக் சத்தமோ முன்பே பதிவானது, பீட்டர் கம்பளியா மரமா என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

மைக்கையும் மறந்துவிடக்கூடாது. பேஸ் டிரம்முக்குள் ஒரு மைக்கை வைத்து, மேடைக்கு இரண்டு பக்கமும் ஆளுயரப் பேஸ் பாக்ஸ்களை அடுக்கிவிட்டால், பீட்டரை இன்னும் பின்னால் சாய்த்துச் சத்தம் கூட்டவேண்டிய அவசியம் போய்விடுகிறது. அந்த வேலையை சவுண்ட் சர்வீஸ்காரர் விரலால் தள்ளிவிடுவார். டிரம்மர் கொடுக்கவேண்டியது ஒரே சீரான அடி. பெடல் கொடுக்கவேண்டியது நிசப்தம். எண்ணெய் காணாத கீலின் கீச்சுச் சத்தத்தையும் அந்த மைக் எடுக்கும். போனமின் ஸ்பீடு கிங் கீச்சிட்டது 1970இல் வந்த லெட் செப்பலினின் மூன்றாவது ஆல்பத்தின் ஒரு மெதுவான பாட்டில் இன்றும் கேட்கிறது. அவருக்கு அது பெருமை, நமக்கு அது சபையில் சிரிப்பு. கரித்தூள் பறக்கிற நம் ஊரில் பேரிங் மூடியிருக்கிற பெடலாகப் பார்த்து வாங்கினால் நல்லது. மூடாததற்குத் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு.

பெடல் எதற்குப் பொருந்தவேண்டும் என்பதை நெய்வேலிக்காரர்களுக்குப் புரியவைக்கச் சுரங்கத்தைக் காட்டினால் போதும். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கி, அந்தக் கரியைத் தோண்ட ஜெர்மனியிலிருந்து பக்கெட் வீல் இயந்திரங்களை வரவழைத்தார்கள். ஜெர்மனியின் இளகிய மண்ணை அள்ளிப் பழகிய வடிவம் அது. இங்கே கரிக்கு மேலே கிடந்தது கடலூர் மணற்பாறை, கெட்டி, உரசித் தின்கிற சாதி. பற்கள் தேய்ந்தன. வெடி வைத்துப் பாறையை முதலில் தளர்த்தவும், பற்களைக் கெட்டிப்படுத்தவும் வேண்டியிருந்தது. அந்த மாற்றத்தையெல்லாம் செய்யச் சொன்னது இந்த மண்.

ஸ்டைல் காலில்தான் இருக்கிறது என்றதும் இன்னொரு கட்சிக்காரர்கள் கைதட்டுவார்கள்: "அதான் சொல்றோம், பெடல்ல ஒண்ணும் இல்ல, எல்லாம் கால்ல இருக்கு." அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பலகை பக்கவாட்டில் ஆடுகிற, அச்சு தேய்ந்த, கிளாம்பு நழுவுகிற பெடலில் பழகுகிற பையனின் கால், அந்தக் கோளாறுகளுக்கு ஈடுகொடுக்கக் கோணலாக வளரும். நல்ல பெடல் கைக்கு வந்த பிறகும் கோணல் போகாது. பெடல் முக்கியம்தான். அதை எந்தக் கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் சண்டை.

கடைக்குப் போனால், "நான் ராக் வாசிக்கிறேன்" என்று சொல்லாதே. வாயைத் திறந்தாலே அட்டவணை வந்துவிடும். பெடலை மேஜை ஓரத்தில் மாட்டச் சொல், டிரம் இல்லாமல். பீட்டரைப் பின்னால் இழுத்து விடு. தடையில்லாமல் முன்னும் பின்னும் எவ்வளவு நேரம் ஆடுகிறது என்று பார். சீக்கிரம் நின்றுபோனால் அச்சிலோ கீலிலோ உரசல் இருக்கிறது. பலகையின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார். குதிகால் கீலில் 'கடக் கடக்' என்றால் கீழே வை. பிறகு டிரம்மில் மாட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, நீ மேடையில் உட்காருகிற உயரத்துக்கு ஒரு நாற்காலி கேட்டு உட்கார். முறைப்பார்கள், முறைக்கட்டும். மெதுவான பாட்டு ஒன்றை முதலில் வாசி. வேகமாக வாசிக்கும்போது எந்த மோசமான பெடலும் ஆர்வத்தில் நன்றாகத் தெரியும். மெல்லிய அடிகளை ஒரே அளவில் வரிசையாகக் கொடுக்கும்போதுதான் சாயம் வெளுக்கும்.

திருகுகள் எத்தனை என்று பெட்டி மேல் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு திருகும் டெம்போ வண்டியின் குலுக்கலில் கழன்றுவிழக்கூடிய ஒரு திருகு. விருத்தாசலம் சாலையில் போய்த் திரும்புகிற கச்சேரிச் சாமான்களில் லாக் நட் இல்லாத திருகு எதுவும் வைத்த இடத்தில் நிற்பதில்லை. எனக்குத் தெரிந்து தேவைப்படுபவை நாலுதான்: ஸ்பிரிங், பீட்டரின் உயரம், பீட்டரின் சாய்வு, அதோடு கட்டுப்படாத பலகைச் சாய்வு. நாலும் ஒரே டிரம் கீயால் திருகும்படியும், ஒவ்வொன்றுக்கும் பூட்டு இருக்கும்படியும் பார்த்தால் போதும். மீதியெல்லாம் ஷோரூம் விளக்கில் மின்னுவதற்கு.

ஆர்கெஸ்ட்ரா நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டிரம் உங்களுடையது, வாசிப்பவர் வாரத்துக்கு ஒருவர். அவரவர் காலுக்கு அவரவர் பெடலைக் கொண்டுவரச் சொல்லுங்கள், அதற்காகச் சம்பளத்தில் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். பெடலை நீங்களே வைத்திருப்பதானால், வாசிக்கிற ஒவ்வொருவரின் ஸ்பிரிங் அளவையும் பீட்டர் உயரத்தையும் நெயில் பாலிஷ் கோட்டால் குறித்து வையுங்கள், ஆளுக்கு ஒரு நிறம். மேடையேறியதும் அவர் தன் நிறத்துக்குத் திருகிக்கொண்டு உட்காருவார், பிள்ளையார் பாட்டு தொடங்குவதற்குள் வேலை முடிந்துவிடும்.